இருபது லிட்டர்

கணக்குப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது.
ஊர்வலத்துக்கு வந்த தலைகளையும் அதில்தான் எழுதினேன்,
வேறு தாள் இல்லை.

மார்ச் முதல் ஞாயிறு: நாற்பத்தொருவர், ஒரு நாய்.
ஏப்ரலில், மழையோடு, முந்நூறு.
காகிதக்கூழ் ஆலையின் கழிவில்
மட்டிகள் வாய்பிளந்து கரையொதுங்கிய வாரம்
இரண்டாயிரத்து எண்ணூறு.
பள்ளிக்கூட வாத்தியக் குழு வந்தது.
பாதிரியார் குடையில்லாமல் வந்தார்.
மரம் ஏற்றும் லாரிக்காரர்களில்கூடச் சிலர்,
சட்டையில் தைத்த ஆலைப் பெயரைக்
கோட்டால் மூடிக்கொண்டு.

அமைச்சகத்துக்குக் கடிதங்கள் அறுபத்தேழு.
தபால்தலைச் செலவு பதினோராம் பக்கத்தில்.
பதில் ஒன்று:
தங்கள் மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.
அந்த உரிய பிரிவு எந்த மாடியில் இருக்கிறதென்று பார்த்துவர
சாந்தியாகோவுக்குப் பதினான்கு மணிநேரம்
பேருந்தில் போனான் நிபால்தோ.
சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினார்கள்.

ஜூலை ஒன்பது.
ஜெனரேட்டருக்கு பெட்ரோல், இருபது லிட்டர்.
என் கையெழுத்துதான்.
அன்றிரவு எங்கள் ஜெனரேட்டர் ஓடவில்லை.
ஆலை வாசலில் மூன்று லாரிகள் எரிந்தன.

அழகாக இருந்தது.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்.
விரிகுடா முழுக்கச் செம்பு உருகி ஓடியது.
நான்கு வருடம் கெஞ்சிக் கெஞ்சி வறண்ட வாய்கள்
கரையில் நின்று ஆர்ப்பரித்தன.
என் வாயும்.

மூன்றாவது லாரியில் ஆள் தூங்கிக்கொண்டிருந்தான்.
எர்மோஹெனெஸ் கயுபுல்.
விடுதிக் காசை மிச்சம்பிடிக்க சீட்டிலேயே படுப்பவன்.
கோட்டால் மூடிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன்.
இரண்டு கைகள், முகத்தில் இடப்பக்கம்.

அடுத்த ஞாயிறு: நூற்றுப் பத்தொன்பது.
பாதிரியார் இல்லை.
மேளம் அடிக்கும் பையன்களை அம்மாக்கள் விடவில்லை.
தொலைக்காட்சியில் மட்டிகளைக் காணோம்;
ஒரே லாரி நாற்பது தடவை எரிந்தது.

ஒன்பதாம் நாள் ஹெலிகாப்டர்.
அமைச்சர் இறங்கினார், புது ரப்பர் பூட்ஸில்
விலைச்சீட்டின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.
'அறுபத்தேழு கடிதத்துக்குத் திறக்காத கதவு
இருபது லிட்டருக்குத் திறந்துவிட்டது பார்' என்றான் ரமிரோ.
மறுக்க எதையாவது தேடிப் பக்கங்களைப் புரட்டினேன்.
என் கணக்கே அவன் பக்கம் நின்றது.

இக்னாசியா மேசையைத் தட்டினாள்:
'ஆகஸ்ட்டில் துறைமுகச் சுமைக்காரர்கள்
வேலைநிறுத்தத்துக்குச் சம்மதித்திருந்தார்கள்.
ஒரு மூட்டை கூழும் கப்பலேறியிருக்காது.
கனியப்போன காயைக் கல்லால் அடித்தீர்கள்.'
இருக்கலாம்.
நடக்காத ஆகஸ்ட்டை எதில் எழுதுவது?
அதற்கு என் புத்தகத்தில் கட்டம் இல்லை.

பேச்சு பதினோரு மணிநேரம்.
கழிவுக் குழாயை எங்கள் விரிகுடாவிலிருந்து எடுத்தார்கள்.
தெற்கே, கலெத்தா முர்த்தாவில் வைத்தார்கள்.
வென்றோம் என்று எழுதப் போனேன்,
வரவிலா செலவிலா என்று பேனா நின்றது.

புத்தகத்தில் இப்போது ஒரே வரிதான் மாதாமாதம்:
களிம்பு, கட்டுத்துணி.
ரமிரோ சிறையில். பணம் இக்னாசியா தருகிறாள்,
எதற்கென்று கேட்பதில்லை.
போன மாதம் கயுபுல் கேட்டான்:
'மட்டி திரும்ப வந்துவிட்டதாமே?'
வந்துவிட்டது.
'நாலு கொண்டுவந்திருக்கலாம்.'
அதை உடைத்துத் தின்ன விரல் வேண்டும் என்பது
இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது.

நேற்று முர்த்தாவிலிருந்து ஒருத்தி வந்தாள்.
பை நிறைய வாய்பிளந்த மட்டிகள்.
'எங்கள் ஊரில் நாற்பது வீடு.
நீங்கள் எப்படி ஜெயித்தீர்கள்?' என்றாள்.
வாயால் சொல்ல வராமல் புத்தகத்தை நீட்டினேன்.
நின்றபடியே படித்தாள்.
தபால்தலைகளைக் கடந்தாள்,
இரண்டாயிரத்து எண்ணூறை விரலால் தடவினாள்,
ஜூலையில் நின்றாள்.
'இது எந்த ஜெனரேட்டர்?'
அதோ, மூலையில், என்றேன்.

போய் மூடியைத் திருகித் திறந்து
உள்ளே முகர்ந்து பார்த்தாள்.