பொறி

லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி மூன்றாவது மாடி.
சனிக்கிழமை ராத்திரி. சாப்பாட்டு மேசைமேல் நிலவறை:
பென்சில் கோடுகள், சட்டைப் பொத்தான்கள், ஒரு மெழுகுவத்தி மிச்சம்.
ஆட்டம் நடத்துகிறவள் நான்.
சுவரும் நான், சுவருக்குப் பின்னால் இருப்பதும் நான்.

பிரிசில்லாவின் திருடிக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.
பெயர் குறுமுயல்.
இடது காதில் மட்டும் வளையம், நாய் என்றால் நடுக்கம்,
காணாமல்போன தங்கையைத் தேடிப் போகிறவள்.
இதெல்லாம் விதிப்புத்தகம் கேட்கவில்லை. அவளாக எழுதினாள்,
ஆபீஸ் பஸ்ஸில், சில்க் போர்டு நெரிசலில்.

அறை நடுவில் ஒரு பெட்டி என்றேன்.
திறக்கிறேன் என்றாள்.
பெட்டிக்குப் பல் இருந்தது.

பகடையை நானே உருட்டினேன், மறைப்பு அட்டைக்குப் பின்னால்.
நல்ல எண். எனக்கு.
அவள் தாளை நான்காக மடித்து
டிபன் பையில் வைத்துக்கொண்டு
"கடைசி பஸ்" என்றாள்.
மணி எட்டரை.

அடுத்த வாரமும் வந்தாள், அதுதான் கஷ்டம்.
புதுத் தாள். பெயர் என்ற இடத்தில் வெறுமனே 'ஆள்'.
கையில் பத்தடிக் கழி.
கதவைக் குத்தியது அந்த ஆள். நாற்காலியை, திரைச்சீலையை,
கும்பிட்டு நின்ற ஒரு சிலையை.
எபினேசர் ஓர் ஏணியை அரைமணி நேரம் விசாரித்தான்.
விடுதிக்காரி தந்த கஞ்சியை நாய்க்கு வை என்றாள் யாஸ்மின்,
பிறகு அந்த நாய் நாய்தானா பார் என்றாள்.
நிலவறைக்கு மேலே ஒரு ஊர் வைத்திருந்தேன்,
ஆறு, சந்தை, மழைக்கு முன்னால் தானாக அடிக்கும் மணி.
யாரும் நிமிரவில்லை. தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
ஒரு பெட்டிக்குப் பல் வைத்தேன்,
உலகமே பெட்டியாகிவிட்டது.

பூதத்தின்மேல் குற்றம் இல்லை. பசி அதன் பிழைப்பு.
போன வருஷம் வீட்டுக்காரர்
பத்து மாத அட்வான்ஸில் மூன்று மாதத்தை
வர்ணம் அடிக்க என்று பிடித்துக்கொண்டபோது
படிக்கட்டில் நின்று கத்தினேன்:
முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்.
அதே வாய்தான் எனக்கு.

எலி பிடிப்பது பொறி.
கண்ணும் காதும் மூக்கும்கூடப் பொறிதான், நம் பாஷையில்.
முன்னதை வைக்கிறவள்
பின்னதற்கு வேலை கொடுக்க வேண்டும்.
எலிக்கே மசால்வடை வாசம் போகிறது, பிறகுதான் கம்பி விழுகிறது.

மூன்றாம் சனிக்கிழமை சொன்னேன்:
நீளமான அறை. எங்கும் விரல்கனத் தூசி.
எலிப்புழுக்கை சுவரோரமாக வந்து
ஓரிடத்தில் வளைந்து விலகிப் போகிறது.
கூரையில் ஒரு விரிசல். ஒரு பெட்டி, தூசி இல்லை,
கீலில் ஈரம். மூலையில் உடைந்த பானை.

குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தவும் இல்லை.
விரிசலுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஈரத்துக்கும்.

பேச்சில்லை. பாலத்தில் ஒரு லாரி போக
டம்ளர்கள் லேசாக ஆடின.

"தூசி இல்லைன்னியே?"
இல்லை.
"கீல்ல ஈரம்."
ஆமா.
"தண்ணியா, எச்சிலா?"
தொட்டால் தெரியும்.

எபினேசர் கழியை நீட்டச் சொன்னான்.
அவள் கழியைக் கீழே வைத்தாள்.
"எதையோ தின்னிருக்கு இது. அதை நான் பாக்கணும்.
தெரிஞ்சேதான் திறக்கிறேன்."

மறைப்பு அட்டையை எடுத்துத் தரையில் போட்டேன்.
பகடையை அவள் கையில் கொடுத்தேன்.
பொத்தான்களைத் தாண்டி உருண்டு
மெழுகுவத்தியில் முட்டி நின்றது.
மூன்று.

முழங்கை வரைக்கும் போனது. இடது கை.
யாஸ்மின் அலறினாள். பிரிசில்லா சிரித்தாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர.
பெட்டியின் அடித்தொண்டையில் ஒற்றைக் காது வளையம் கிடந்தது.

அவள் ரப்பரைக் கேட்டு வாங்கி
'ஆள்' என்பதை அழித்தாள்.
அங்கே தங்கையின் பெயரை எழுதினாள்,
எங்களுக்குக் காட்டாமல்.

மணி பார்த்தபோது கடைசி பஸ் நிஜமாகவே போய்விட்டிருந்தது.
ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் எண்பது என்றார்,
ஏறுவதற்கு முன்னாலேயே.