வெளிச்சுவர்

கோத்தகிரி. இரவு இரண்டே கால்.
ஆறாம் படுக்கையில் மிச்சி.
தேயிலைச் சரிவில் காட்டெருமை கிழித்த தொடைக்குள்
கருப்புப் பஞ்சு, மேலே ஒட்டுப்படலம்,
குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது இயந்திரம்.

"அது குத்துச்சு, இது கறக்குது" என்கிறாள்.
சிரிக்க நேரமில்லை எனக்கு.
குப்பி நிறைந்துவிட்டதென்று கத்துகிறது மணி.

பார்த்தால் பாதிகூட இல்லை.
நூற்றெண்பது மில்லி,
கஞ்சித் தெளிவில் கொஞ்சம் சிவப்பு.

நனையாத உணரி அது.
பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே காதை ஒட்டிவைத்து
நீர் எதுவரை நிற்கிறதென்று கேட்கும்.
யார் ரத்தமும் அதன்மேல் பட்டதில்லை,
அதன் மின்சாரம் யார் உடம்புக்கும் போனதில்லை.

இன்றைக்கு ஜன்னல் கொக்கியை யாரோ சரியாக மாட்டவில்லை.
மஞ்சு உள்ளே வந்து
குப்பியின் வெளித்தோலில் வியர்த்திருக்கிறது.
மலையின் ஈரத்தையும்
இவள் கணக்கில் சேர்த்துவிட்டது, பாவம்.

துணியால் துடைத்தேன். மணி நின்றது.
நீர்மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு,
பக்கத்தில் நேரம்.

மூன்று மணிக்கு
கோட்டைத் தாண்டி இரண்டு விரல்.
நிறம் அடர்ந்திருந்தது.
குப்பியில் இன்னும் இடமிருந்ததால்
மணி அடிக்கவில்லை.

நான்தான் ஓடிப்போய்
டாக்டர் அறைக் கதவை அடித்தேன்.