ஒன்பது சதவீதம்

கப்பலூர் டோல்கேட் தாண்டி ஒரே ஒரு நிழற்குடை.
முழுநைட்டுக்கு மில் வேன் பத்தே முக்காலுக்கு வரும்.
எனக்கு முன்பே இருளாயி வந்து நின்றிருப்பாள்
லாரிகள் வேகம் குறைக்கிற இடம் பார்த்து.
லாரிக்காரர்களுக்கு அவள் பெயர் ஷாலினி.

எட்டு மாதம் நான் அவள் பக்கம் திரும்பியதில்லை.
அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்கு வெளியே
எடுத்துப் போட்டுக்கொள்வேன்.
பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்
நான் வேறு வேலைக்கு நிற்கிறவள்.

ஒருநாள் மழை.
குடையில் ஒழுகாத மூலை ஒன்றுதான்.
"முடியில பஞ்சு ஒட்டியிருக்கு" என்று
எடுத்து ஊதிவிட்டாள்.
பிறகு கேட்டாள்:
"நாளைக்கு உனக்கு எம்புட்டு?"

சொன்னேன்.
"அதுல பிடிப்பாய்ங்களா?"
பி.எஃப். பிடிப்பார்கள்.
"எனக்கும் பிடிக்கிறாய்ங்க.
ரோந்து வர்றவன், ரூம்காரன், ஆட்டோக்காரன்.
ரசீதுதான் தரமாட்டாய்ங்க."
அவள் சிரித்தாள்.
நான் சிரிப்பதற்குள் வேன் வந்துவிட்டது.

அவளும் மில்லில் இருந்தவள்தானாம்.
மூன்று வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம்
என்று கூட்டிப்போய்,
இரண்டரையில் வயிற்றுவலிக்காரி என்று அனுப்பிவைத்தார்கள்.
"அங்க விடுதிக் கதவை அவன் வெளிய பூட்டுவான்.
இங்க என்னைய உள்ள வச்சு அவனும் உள்ள நின்னு பூட்டுறான்.
எது தேவலைன்னு கேட்டா
நான் பூட்டைப் பத்தித்தான் பேசுவேன்."

கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்களாம்.
ஒருவர் எழுந்து, எல்லா வேலையும்
உடம்பை விற்கிறதுதான் என்றாராம்.
இன்னொரு அம்மா இவர்களைப் பார்த்து அழுதாராம்.
"அந்தம்மாவுக்குத் தண்ணி
நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

நான் எதுவும் சொல்லவில்லை.
அறுந்த இழையைக் காட்டுகிற சாக்கில்
தோளுக்கு மேல் நீளும் சூப்பர்வைசர் கையைச் சொல்லவில்லை.
சொன்னால் இரண்டு பேரும் ஒரே நிழற்குடையில்
நிற்பதாக ஆகிவிடும்.
என் வேலை நல்ல வேலை என்று எனக்கே தோன்ற
அவள் அங்கே நிற்க வேண்டியிருந்தது, தினமும்.

ஆனி மாதம் ஆட்காட்டி விரலில் ஒரு கணு போனது.
தத்தனேரி என்றதும் சுடுகாடு என்று அம்மா அலறினாள்.
அங்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இருக்கிறது.
மூன்று டாக்டர்கள் என் கையைத் திருப்பிப் பார்த்து
ஒன்பது சதவீதம் என்று எழுதினார்கள்.

இருளாயி கட்டை மடக்கிப் பார்த்தாள்.
"ஒம்போதா."
கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு எம்புட்டுப் போடுவாய்ங்க?"

எதற்கு என்று கேட்டேன்.
தை மாதம் ஒருவன் உடைத்த தோளெலும்பைத் தொட்டுக் காட்டினாள்.
கூடாத மேடு விரலில் தட்டுப்பட்டது.
ஸ்டேசனில் கேட்ட ஒரே கேள்வி:
அந்நேரத்துக்கு அங்கே உனக்கென்ன வேலை?

"நீ விரலை அங்கயே விட்டுட்டு வந்துட்ட" என்றாள்.
"எனக்கு எதையும் விட்டுட்டு வர முடியல.
எல்லாம் கூடவே வீட்டுக்கு வருது,
பையன் தூங்குற பாய்க்கு."

லாரி ஒன்று விளக்கை மினுக்கி மெதுவானது.
அவள் கையால் 'போ' என்றாள்.
அது போனது.
முந்நூறு ரூபாய் போகிறது என்று நினைத்தேன்.
அவள் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

"உங்க மில்லு பேரு என்ன?"
எதுக்கு?
"பள்ளிக்கூடத்துல அம்மா தொழில்னு ஒரு கட்டம்.
பையன் மில்லுன்னு எழுதியிருக்கான்.
உன்னையப் பாத்துத்தான் சொல்லிக் குடுத்தேன்.
டீச்சர் எந்த மில்லுன்னு கேக்குதாம்."

பெயர் சொன்னேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.
அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்.
டோல்கேட் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து
எழுத்துக் கூட்டினாள்.

வேன் ஹாரன் அடித்தது.
இன்னும் இரண்டு எழுத்து பாக்கி.