வரிசை எண் 341

எஸ்.பி. ரோட்டுப் பின்சந்தில்
முனாவரின் தராசுக்கு ஒரு தட்டுதான்.
இன்னொரு தட்டு அவர் வாய்.
செராமிக் ப்ராசஸர் என்றால் ஒரு விலை,
பச்சைப் பலகை என்றால் வேறு விலை,
இரண்டும் கிலோவுக்கு.
வாரக் கடைசியில் கௌரிபாளையத்து ஆள் வந்து
மூட்டையாகக் கட்டிப் போவார்.
அங்கே ஆசிட்டில் தங்கம் அடியில் தங்கும்,
மீதி சாக்கடையைத் தேடிப் போகும்.
அவர் வருவது சனிக்கிழமை சாயங்காலம்.
நான் போவது சனிக்கிழமை மத்தியானம்.

முதல் தடவை ஒன்றே ஒன்று கேட்டபோது
முனாவர் என் மூக்கைப் பார்த்தார்.
“மூக்குத்தி செய்யவா மேடம்?”
இல்லை, எழுதி வைக்க.
“எதை?”
இதன் மேல் எழுதியிருப்பதை.
கொஞ்சம் யோசித்துவிட்டு
“அதுதான் ஏற்கெனவே எழுதியிருக்கே” என்றார்.

முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவள் நான்.
ஒரு வாஷர்கூட என் அலமாரியில்
அட்டை இல்லாமல் உட்கார்ந்ததில்லை.
இப்போதும் அதே நீளப் பேரேடு, அதே கட்டங்கள்:
எண். பெயர். வேகம்.
பிறந்த வருஷம், பிறந்த வாரம்.
மலேசியாவா, மணிலாவா.
கால்கள் எத்தனை, அதில் கோணல் எத்தனை.
கடைசிக் கட்டம், எங்கே வேலை பார்த்தது.
அது பெரும்பாலும் காலி.
எப்போதாவது முனாவரின் ஊகம் அதில் ஏறும்:
“பேங்க்குதான் மேடம்.
பெட்டிக்குள்ள ஒரே குண்டூசி.”

மர்ஃபி டவுனில் கரண்ட் இருக்கிற ராத்திரிகளில்
லெட் தீர்ந்த பென்சிலின் வாயை
ஒவ்வொரு காலிலும் மாட்டி நிமிர்த்துவேன்.
நூற்று அறுபத்தெட்டுக் கால்கள்.
அவசரப்பட்டால் ஒடியும்.
ஒடிந்தால் அதையும் எழுதுவேன்.

341 நவம்பரில் வந்தது.
நானூற்று எண்பத்தாறு வம்சம்,
நெற்றியில் 66 என்று வெள்ளை எழுத்து,
அதன் மேல் சுண்ணாம்பாய்க் காய்ந்த பேஸ்ட்.
நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணியில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
பேஸ்ட் போனது.
பெயரும் போனது.

அசல் எழுத்து இதற்கெல்லாம் அசையாது.
விளக்கில் சாய்த்துப் பிடித்தேன்.
உப்புத்தாள் தேய்த்த கோடுகளுக்கு அடியில்
ஒரு 50,
தூங்குகிறவன் இமைக்குள் விழி தெரிவதுபோல.

எவனோ தேய்த்து, புதுசாக அச்சுக் குத்தி,
பதினாறு கூட்டி விற்றிருக்கிறான்.
வாங்கினவனுக்குத் தெரியாது.
இதற்கும் தெரியாது.
அறுபத்தாறு என்றார்கள், ஓடியிருக்கிறது,
வருஷக்கணக்காக,
முதுகு பழுப்பேறும்வரை.

முனாவரிடம் சொன்னேன்.
“டூப்ளிகேட்டா? திருப்பிக் கொடுங்க.
தங்கம் ஒரிஜினல்தானே.”

கொடுக்கவில்லை.
வேகம் என்ற கட்டத்தின் மேல்
பேனா இரண்டு நாள் நின்றது.

சர்டிபிகேட்டில் என் பிறந்தநாள் ஜூன் ஒன்று.
அல்சூர் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று
வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து
இடது காதைத் தொடச் சொன்னார்கள்.
எட்டவில்லை.
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், அப்படியும் எட்டவில்லை.
அப்பா எதையோ சொல்லிச் சிரித்தார்,
வாத்தியாரும் சிரித்தார்,
ஐந்து வயசு என்று எழுதிக்கொண்டார்.
பத்து மாசம் கூடிப்போனேன்.
அந்தத் தேதியை வைத்துத்தான் வேலை,
அந்தத் தேதியை வைத்துத்தான்
மாலை, சுவர்க்கடிகாரம், போய் வாருங்கள்.
உண்மைக் கணக்கில்
இன்னும் பத்து மாசம் என் நாற்காலியில் எனக்குப் பாக்கி.

மூன்றாம் நாள் எழுதினேன்.
வேகம்: 50. பக்கத்திலேயே, அடிக்காமல், 66.
கால்கள்: 168, கோணல் நான்கு, நிமிர்த்தியது நான்கு.
எங்கே வேலை பார்த்தது:
தெரியாது. பார்த்தது.

பஞ்சைக் குப்பையில் போடப் போன கை திரும்பி வந்தது.
அந்த அறுபத்தாறு இன்னும்
அதில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.
மாத்திரைக் கவர் ஒன்றில் போட்டு
மேலே எழுதினேன்,
341-அ.