தலைக்கனம்

தலைக்கு முப்பத்தொரு ரப்பன் என்று எழுதியிருந்தாள் ஷு யான்.
ஐயாயிரத்துக்குக் குறைந்தால் அச்சு வெட்டமாட்டார்களாம்.
கடையின் பின்னறையில் மார்லிஸ்
கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டிவிட்டுக் கேட்டாள்:
"ஐயாயிரம் தலையா? நாம் என்ன போருக்கா போகிறோம்?"

பீல் நகரத்தில் பகலில் எனக்கு வேலை
கைக்கடிகாரத் திருகாணிகளை அளப்பது.
ஒரு மயிரைப் பத்தாய்க் கிழித்து
அதில் ஒரு கீற்றுக் கூடினாலும் குப்பைக்கு.
சனிக்கிழமைகளில் ஏரி, மார்லிஸின் படகு.
எக்லி மீன் நிற்கிற ஆழத்துக்கு
மூன்று கிராம்தான் சரி.
நான்கென்றால் தலைக்கனம், கல்லாய் இறங்கிவிடும்.
இரண்டென்றால் காற்று நூலை வில்லாய் வளைக்கும்.
விற்பனைக்கு இருப்பவை எல்லாம்
நான்கு, அல்லது இரண்டு,
அல்லது மூன்றென்று பொய் சொல்பவை.

ஆகவே வரைந்து அனுப்பினேன்.
டங்ஸ்டன். உருண்டையல்ல, அவரைவிதை வடிவம்.
கண் நெற்றியில், அறுபது பாகைச் சாய்வில்.
எதிர்முள் வேண்டாம்.

ஏழு வாரத்தில் முதல் மாதிரி வந்தது,
எதிர்முள்ளோடு.
ஏனென்று கேட்டேன். இயந்திரம் மொழிபெயர்த்த பதில்:
"மதிப்புக்குரிய அக்கா,
எதிர்முள் இல்லாவிட்டால் மீன் தப்பிவிடுமே.
வரைபடத்தில் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து
நாங்களே சேர்த்தோம். அதற்குக் காசு வேண்டாம்."

இந்த அன்புக்கு என்ன எழுதுவது?
தப்பவேண்டியது தப்பவேண்டும்,
அளவு குறைந்த குஞ்சை
வாய் கிழியாமல் விடவேண்டும் என்று எழுதினேன்.
இரண்டு நாள் மௌனம். பிறகு
"விளங்கியது. விசித்திரம்."

இரண்டாம் மாதிரியைத் தராசில் வைத்தேன்,
மதிய இடைவேளையில், வேலையிடத்துத் தராசில், களவாக.
2.7. 3.4. 3.0. 2.8.
மேற்பார்வையாளர் பெர்னார் எட்டிப் பார்த்தார்.
"இது யாருக்கு?"
"எக்லிக்கு."
தலையாட்டிவிட்டுப் போனார்,
புது வாடிக்கை நிறுவனம் என்று நினைத்திருக்கலாம்.

மூன்றாவது சரி.
கடையின் பெயரைத் தலையில் பொறிக்க
இன்னும் முந்நூறு பிராங்க் கேட்டார்கள்.
தலையெழுத்துக்குக் காசா!
எனக்கெல்லாம் இலவசமாகவே எழுதிவிட்டிருந்தார்கள்.
மொட்டைத் தலையே போதும் என்றோம்.

நவம்பரில் பெட்டி.
இரண்டு சப்பாத்துப் பெட்டி அளவுதான்.
தபால்காரன் ஒரு கையால் தூக்கப்போய்
மறு கையையும் கூப்பிட்டான்.
ஐயாயிரமும் மூன்று கிராம்.
ஐயாயிரத்துக்கும் எதிர்முள் இல்லை.
ஐயாயிரத்துக்கும் கண் இல்லை.
சாயத்தில் தோய்த்தபோது துளையெல்லாம் அடைபட்டு
பச்சைக் குருடு, செம்மஞ்சள் குருடு.

பனிக்காலம் முழுக்கக் கண் திறந்தோம்.
சிற்பிக்கு அது ஒரு சிலைக்கு ஒரு தரம்,
நல்ல நேரம் பார்த்து.
எங்களுக்கு வானொலி பாடப்பாட
ஓர் இரவுக்கு இருநூறு.
தையலூசிகள் முறிந்தன. விரல் நுனியில் பச்சை போகவில்லை,
திருகாணிகளிலும் பட்டு ஒருநாள் பிடிபட்டேன்.
மறுநாள் என் மேசையில் ஒரு துளையூசிப் பெட்டி.
பெர்னார் ஒன்றும் சொல்லவில்லை.

குருட்டுத் தலைகளின் படத்தைக் கோபமாக அனுப்பியிருந்தேன்.
ஷு யான் மன்னிப்புக் கேட்டாள்,
அடுத்த கொள்முதலில் கழிவு தருவதாகச் சொன்னாள்,
கடைசியில் ஒரு வரி:
"எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன்,
எங்கள் தலையை மீன் கடித்து நான் பார்த்ததில்லை.
ஒரு படம் அனுப்புவீர்களா?"

ஜூன். துவான் திராட்சைச் சரிவுகளுக்குக் கீழே
எட்டு மீற்றர் ஆழம்.
மார்லிஸ் கைபேசியை ஏந்தியபடி.
பச்சைத் தலை இறங்கியது, நான் எண்ணினேன்,
ஏழில் ஒரு தட்டு.
வரிவரியான முதுகு, சிவந்த செட்டை,
படகின் விளிம்புவரை வந்து
ஒரே ஒரு தரம் தலையை உதறியது.

படத்தில் இருப்பவை
நிமிர்ந்துவிட்ட கோல்,
நீரில் ஒரு வட்டம்,
திறந்த என் வாய்.
அதையே அனுப்பினேன்.

மீன் எங்கே என்று கேட்கிறாள்.
அதற்குக் கீழே,
அடுத்த தடவையாவது
எதிர்முள் வைக்கட்டுமா என்றும்.