இருமாதக் கணக்கு

முதுநகரில் எனக்கு
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் மீட்டர்கள்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பேன்.
சில இடத்தில் ஸ்டூல் வேண்டும்,
சில இடத்தில் சைக்கிளை நகர்த்த வேண்டும்,
வலை காய்ந்தால் தாண்ட வேண்டும்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.
மனிதர்கள் "ஈ.பி." என்று கூப்பிடுவார்கள்.

பதினோரு வருஷம் எண்ணை மட்டும் எழுதினேன்.
பழையது, புதியது, வித்தியாசம்.
வெள்ளை அட்டையில் தேதி,
கிறுக்கலாய் ஒரு கையெழுத்து,
அடுத்த வீடு.

முதலில் இடறியது
பள்ளிவாசலுக்குப் பின்தெருவில்.
எப்போதும் நூற்றெண்பது, நூற்றெழுபத்தைந்து.
அன்றைக்கு நாற்பத்தொன்று.
மீட்டர் நின்றுபோச்சோ என்று விரலால் தட்டினேன்.
ஓடியது. சிவப்புப் புள்ளி
சாவகாசமாய்ச் சிமிட்டியது.
"பையன் துபாய் போயிட்டான் தம்பி.
எனக்கெதுக்கு ஃபேனு, கடக்காத்து இருக்கே"
என்றார் சபுராம்மா உள்ளேயிருந்து.
ஃபேன் மட்டுமா.
டி.வி., கிரைண்டர், அவன் வரும்வரை
எரிந்துகொண்டிருக்கும் வாசல் விளக்கு.
நூற்று முப்பத்துச் சொச்சம் யூனிட்
விமானம் ஏறியிருந்தது.

அதற்கப்புறம் எண்களுக்குள் ஆள் நடமாட்டம்.

சோனாங்குப்பத்தில் ஒரு வீடு, அடைமழையில்
திடீரென்று அறுபது கூட.
எட்டிப் பார்த்தால், துண்டு துண்டாய்ப் பிள்ளைத்துணியை
அயர்ன்பாக்ஸ் வைத்தே உலர்த்துகிறார்கள்.
உத்திரத்தில் தூளி.

பூட்டிய வீடொன்று,
மூன்று வருஷமாய்ப் பூஜ்யம்.
ஐப்பசியில் மூன்று யூனிட்.
பூட்டில் அதே துரு, வாசலில் அதே எருக்கஞ்செடி.
மூன்று யூனிட் என்றால்
நாற்பது வாட் குண்டு பல்பு
எழுபத்தைந்து மணி நேரம்.
யார் வந்து போட்டார்கள்,
அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எதைத் தேடினார்கள்,
தேடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்களா.
"லீக்கேஜா இருக்கும்யா" என்றார் ஏ.இ.
இருக்கலாம்.

தானே புயலில் கம்பமெல்லாம் படுத்துக்கிடந்த
நாட்களில் மட்டும்
ஊருக்கே கரண்ட் கண்ணில் பட்டது.
வந்த அன்றே மறந்தோம்.
நானும்தான்.

என் வீட்டு மீட்டர் என் கணக்கில் இல்லை.
மஞ்சக்குப்பம் செக்‌ஷன், வேறொருவர் வருவார்,
போனில் தொகை வரும், கட்டிவிடுவேன்.
மார்கழியில் ஏதோ தேடப்போய்
அட்டை கையில் அகப்பட்டது.
குளிர்காலம், ஃபேன் இல்லை, குறைந்திருக்க வேண்டும்.
கூடியிருந்தது.
சின்ன எண், ஒன்பதோ பத்தோ.
வேறு எவர் கண்ணுக்கும் படாது.
பழக்கதோஷத்தில் பெருக்கிப் பார்த்தேன்:
ஒரு டியூப்லைட்,
நாளுக்கு நாலு மணி நேரம்,
அறுபது நாள்.
பகலில் எங்கள் வீட்டில் விளக்கு வேண்டாம், நல்ல வெயில்.
பத்து மணிக்குப் படுத்தால்
பால்காரர் மணியடித்துத்தான் எனக்கு விடியும்.

அன்று தூங்குவதுபோல் கிடந்தேன்.
ஒன்றேகாலுக்குக் கட்டில் லேசானது.
சமையலறை ஸ்விட்சின் சத்தம்.
இருபது வருஷப் பழைய ஸ்விட்ச்,
அன்றுதான் காதில் விழுந்தது.

அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்திருந்தாள்,
சிலிண்டரில் சாய்ந்து.
கையில் போன் இல்லை, புடைக்க அரிசி இல்லை,
கண்ணில் ஈரமும் இல்லை.
எதிர்ச் சுவரில் பல்லிகூட இல்லை.

எத்தனை நாளாய் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதுதான் தெரியுமே.
ஏன் என்பதற்கு
எந்த மீட்டரிலும் இலக்கம் கிடையாது.

"தூக்கம் கலைஞ்சிடுச்சா?"
என்னைத்தான் கேட்டாள்.

டீ போடுகிறேன் என்றேன்.
பால் இருந்தது, அடுப்பு பற்றியது,
ஒவ்வொரு டப்பாவாய்த் திறந்து திறந்து மூடினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள்
சொன்னாள்:
"சர்க்கரை மேல்தட்டுல.
உப்புக்கு இந்தப் பக்கம்."