இரண்டு மணி நேரம்

கருங்கல் சந்தைக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே,
ஒன்றரைக் கதவு அகலத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
ஆறரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே
வெறும் வயிறுகள் வரிசையில் நிற்கும்.
குத்திய இடத்தில் பஞ்சை அமுக்கிக்கொண்டு
எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
"இனி தின்னலாமா பிள்ளே?"

தின்னுங்க.
சரியாக இரண்டு மணி நேரம் கழித்து
மறுபடியும் கையை நீட்டணும்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான்
நான் இந்த ஊரைப் படித்தது.

ரப்பர் வெட்டுகிற தாசையன்
அரை வெள்ளரிக்காயைக் கடித்துவிட்டு
பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்,
பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி.
எண் நல்ல எண்ணாகத்தான் வந்தது.
ஜெயித்துவிட்ட சிரிப்பு.
தினமும் இதுதானா சாப்பாடு என்றேன்.
"தினமுமா? தினமும் நாலு புரோட்டா" என்றார்,
இன்றைக்கு மட்டும் நல்லவராக இருந்த களைப்பில்.
நாளைக்குப் புரோட்டா தின்றுவிட்டு வாங்க என்றேன்.
வரவில்லை.

சௌந்தரபாய் பையைத் திறந்தாள்.
ஷார்ஜாவிலிருந்து மகன் அனுப்பிய முருங்கை மாத்திரை,
டப்பா மூடியில் பச்சையாய் ஓர் இலை.
எங்கள் பின்சுவரில் சாய்ந்து
கூரை ஓட்டின்மேல் உதிர்ந்துகொண்டே இருக்கும்
மரத்தைக் காட்டினேன்.
அவள் அதை ஏற இறங்கப் பார்த்தாள்.
"அது சும்மா நிக்கதுல்லா."

குறும்பனையிலிருந்து மீன் கொண்டுவரும் ரசலம்மாள்
குட்டையை வாசலில் இறக்கிவிட்டு
தூக்குச்சட்டியை மடியில் வைத்துத் திறப்பாள்.
சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு,
தேங்காய் துருவிப் போட்ட முருங்கையிலைத் துவரன்,
ஒரு ராத்திரி முழுக்கக் கொடம்புளியில் கிடந்து
எலும்பும் இளகிப்போன சாளை.
கூடம் முழுக்க அந்த வாசம்.
ஸ்பிரிட் தோற்றுப்போகும்.
நெய்மீன் நகைக்கடைக்காரருக்கு,
வாவல் வக்கீல் வீட்டுக்கு,
விளமீன் வில்லேஜ் ஆபீசுக்கு;
யாரும் கை வைக்காதது அவளுக்கு.
"விக்காததத் தின்னாம வேற எதத் தின்ன?"

அவளுடைய எண்ணை எழுதும்போது
என் பேனா கொஞ்சம் தயங்கும்.
இருபது வயதுக்காரிக்கு வர வேண்டிய எண்.
சாளைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.
தலையில் சுமையோடு மேடேறும் கால்களும் அவளுடையவை.
முட்டி வலிக்கு அந்தச் சாளை
ஒன்றும் செய்யவில்லை என்று அவளே சொல்வாள்,
எழுந்திருக்கும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டே.

நான் தின்பதையும் சொல்லிவிடுகிறேன்.
பதினொன்றுக்கு, நின்றபடியே,
ஒரு பன், சர்க்கரை தூக்கலாய் ஒரு சாயா.
மூன்றுக்கு மிச்சமிருந்தால் ஒரு பழபஜ்ஜி.
முப்பத்துநாலு வயது.
ஊர் நரம்பெல்லாம் எனக்கு மனப்பாடம்.

போன மழைநாளில் கூட்டமில்லை.
டப்பாவில் கடைசியாக ஒரே ஒரு பட்டை.
விளையாட்டாகத்தான் என் விரலைக் குத்தினேன்.
காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.
நூற்று அறுபத்தெட்டு.
மிஷின் பழசு என்றேன் சுவரிடம்.
ஓட்டின்மேல் இலை உதிரும் சத்தம்கூட இல்லை,
மழைதான் அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் சந்தைக்குள் இறங்கினேன்.
"ஒனக்கு எதுக்குட்டி சாளை?
சம்பளக்காரி, நெய்மீன் வாங்கு."
கொடுத்தாள், எண்ணாமல், கைநிறைய.
முருங்கைக் கொம்பை வளைத்தபோது
சௌந்தரபாய் பார்க்கிறாளா என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ஆறரை.
கையுறைக்கு முன் விரலை மோந்து பார்த்தேன்.
இரண்டு சோப்புக்கும் போகவில்லை.
வரிசையில் முதல் ஆள் மூக்கைச் சுளித்தார்.
சட்டைக் கையைச் சுருட்டுங்க என்றேன்.